முதிர்ந்த நாள்

தராசக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது ஆராய்ச்சி நிலையத்தின் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது, யாரும் அதை எழுப்பவில்லை. பதினோரு வருஷமாக ஒரே மின்தராசின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, சோயா விதைகளை நூறு நூறாக எண்ணி எடை போட்டுக்கொண்டிருக்கிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? இயக்குநர்கூட ஒரு கூட்டத்தில் வாய் தவறி, "நம்ம தராசு இருக்காங்களே" என்று ஆரம்பித்து, அப்புறம் இருமிச் சமாளித்தார்.

பெயருக்கு வேலை மட்டும் காரணமில்லை. யார் எதைச் சொன்னாலும் "எடை போட்டுப் பார்த்தியா?" என்று கேட்கிற வியாதி அவளுக்கு. இந்தச் செடி நன்றாக வந்திருக்கிறது என்றால் கேட்பாள். பக்கத்து வீட்டுப் பாப்பா குண்டாகிவிட்டது என்றாலும் கேட்பாள். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இதெல்லாம் தூசு. "இன்னைக்குத் தலை பாரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, இவள் வாயைத் திறப்பதற்குள், "இன்னும் எடை போட்டுப் பார்க்கல" என்று அவரே முடித்துவிடுவார்.

விஷயம் இதுதான். சோயாக் காய்க்குள் விதை ஒரு கட்டம் வரைக்கும் பருக்கும், அப்புறம் நின்றுவிடும். மண்ணில் சத்து மிச்சம் இருக்கும், ஆனாலும் நின்றுவிடும். ஏனென்று தேடிப் போனவர்களில் தராசக்காவும் ஒருத்தி. இரண்டு ஜீன்களிடம் ஏமாந்து, மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தாள். சாப்பிடும்போது தட்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு "போதும் போதும்" என்பவர்கள் உண்டல்லவா, விதைக்குள் இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்கிற ஜீன் அது என்று அவளுக்குச் சந்தேகம். கோப்பில் அதற்கு நாலு எழுத்தும் மூன்று எண்ணும் சேர்ந்த ஒரு பெயர். வயல் மேஸ்திரி அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கி, "போதும் ஜீன்" என்று வைத்துவிட்டார். அதுவே நிலைத்தது.

அந்த ஜீனை முடக்கிவிட்டால் விதை கனக்குமா? கேள்வி இவ்வளவுதான். பசுமைக்குடிலில் தொட்டி வைத்து வளர்த்தபோது கனத்தது. நூறு விதைக்கு ஒன்றரை கிராம் கூடுதல். ஆனால் தொட்டிச் செடியின் எடையை இந்தத் தொழிலில் யாரும் மதிப்பதில்லை. வயலில் போட்டுக் காட்டு என்பார்கள். ஜீன் மாற்றிய செடியை வயலில் போட வேண்டுமென்றால் உயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். மூன்று வருஷம் நடையாய் நடந்து, விண்ணப்பத்தை நாலு முறை திருத்தி, ஒருவழியாக அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு பருவம். விதைத்த நாளிலிருந்து நூற்றுப் பத்தாவது நாள் மாலைக்குள் மாற்றிய செடிகள் அத்தனையையும் வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். குளிர் அறையில் இருக்கிற மிச்ச விதையும் அதோடு சேர்த்தி. ஏனென்றால் இந்தப் பருவத்தோடு நிலையத்தில் சோயாப் பிரிவையே மூடுகிறார்கள். இடம் முழுக்க மக்காச்சோளத்துக்குப் போகிறது.

ஆக, பதினோரு வருஷத்துக்கும் பதிலாக வரப்போவது ஒரே ஒரு எண். அது இந்த வயலிலிருந்து, இந்தப் பருவத்தில் வந்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

தொண்ணூற்றெட்டாவது நாள் காலையில் மேஸ்திரி ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, சேறு அப்படியே இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வழிந்தது.

"அக்கா, கொஞ்சம் வயலுக்கு வாங்க. வந்து உங்க கண்ணால பாருங்க."

"என்ன, பூச்சியா?"

"வாங்கன்னா வாங்க. நான் சொன்னா எடை போட்டுப் பார்த்தியான்னு கேப்பீங்க."

வயலில் பன்னிரண்டு வரிசை. ஒன்று விட்டு ஒன்றாக, ஆறு வரிசை சாதாரண சோயா, ஆறு வரிசை மாற்றியது. சாதாரணச் செடிகள் இலையெல்லாம் கொட்டி, மஞ்சளும் பழுப்புமாய் அடங்கி நின்றன. காற்று அடித்தால் காய்க்குள் விதை கலகலத்தது. சொல்லி வைத்த மாதிரி தொண்ணூற்றெட்டு நாளில் முதிர்ந்துவிட்டன. நடுநடுவே மாற்றிய வரிசைகள் ஆறும் பச்சைப் பசேலென்று நின்றன. இலை உதிரவில்லை. காய்கள் புடைத்துக்கொண்டிருந்தன.

மேஸ்திரி ஒரு காயைப் பறித்து நகத்தால் கீறிப் பிளந்து நீட்டினார். உள்ளே மூன்று விதை, தோல் கிழிந்துவிடும் போலப் பருத்து, பச்சையாய், விரலால் அழுத்தினால் நசுங்குகிற பதத்தில்.

"இன்னும் வாங்கிக்கிட்டே இருக்குக்கா. போதும்னு சொல்ல ஆள் இல்ல உள்ள."

தராசக்கா அந்த விதையைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தே விட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. பலித்துவிட்டது. பதினோரு வருஷம் கழித்து, தொட்டியில் இல்லை, குடிலில் இல்லை, ஊருக்குப் பொதுவான வெயிலிலும் மழையிலும் பலித்துவிட்டது. மேஸ்திரி முன்னால் அழக்கூடாதென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வரப்பின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் மனசு தானாகவே நாளை எண்ண ஆரம்பித்துவிட்டது. இந்தப் பதத்திலிருந்து விதை கெட்டியாகி, காய் காய்ந்து, எடை போடுகிற நிலைக்கு வர இன்னும் இருபத்துநாலு நாளாவது வேண்டும். கையில் இருப்பது பன்னிரண்டு நாள்.

"என்னக்கா, முகம் இப்படிப் போயிடுச்சு?" என்றார் மேஸ்திரி.

"மேஸ்திரி, இது நூத்திப் பத்துக்குள்ள முதிராது."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்து அனுமதிக் கோப்பை எடுத்தாள். ஏழாவது பக்கத்தில் ஒரு கேள்வி: மாற்றப்பட்ட செடி முதிரும் என எதிர்பார்க்கும் நாள். எதிரே நீல மையில், அழகான கையெழுத்தில், 98 என்று இருந்தது. அந்தத் தொண்ணூற்றெட்டின் மேல் பன்னிரண்டு நாளைத் தாராளமாகக் கூட்டித்தான் அலுவலகம் நூற்றுப் பத்து என்று கெடு வைத்திருந்தது. கையெழுத்து வேறு யாருடையதுமில்லை, அவளுடையது.

எழுதிய நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாலாவது திருத்தம். தொட்டிச் செடிகள் சாதாரணச் செடிகளைவிட இரண்டு நாள்தான் பிந்தின. தொட்டி மண் ஒரு சாண், அதில் வேர் எவ்வளவு போகும், செடி எத்தனை நாள்தான் தாக்குப்பிடிக்கும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு கணம் பேனா நின்றது. 125 என்று எழுதினால், ஏன் பிந்தும், என்ன ஆதாரம் என்று குழு கேட்கும், ஐந்தாவது திருத்தம் வரும். இயக்குநரும், "வழக்கமா போடுறதையே போட்டுடும்மா, எதுக்கு வம்பு" என்றார். போட்டுவிட்டாள். நிறுத்தச் சொல்கிற ஜீனை முடக்கப் போகிறேன் என்று இருபத்திரண்டு பக்கம் எழுதியவள், ஏழாவது பக்கத்தில் மட்டும் அது எப்போதும்போல நின்றுவிடும் என்று எழுதியிருந்தாள்.

இப்படி ஒரு தப்பை ஒரு திருடன் செய்வானா, ஒரு சோம்பேறி செய்வானா? மாட்டான். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள்தான் செய்வார்கள்.

உயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவளுடைய கோப்பைப் பார்க்கிற அதிகாரி சின்ன வயசுக்காரர். நல்ல மனுஷர். தராசக்கா கொண்டுபோன காய்களின் படத்தையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"பன்னெண்டே நாள் போதும் சார். பதினஞ்சு கொடுத்தா ரொம்ப நல்லது."

"எனக்குப் புரியுது மேடம். ஆனா தேதியை மாத்தற அதிகாரம் குழுவுக்குத்தான். குழு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடுது. அடுத்தது நாப்பத்தொரு நாள் கழிச்சு."

"அவசரக் கூட்டம்னு ஒண்ணு இருக்குமே?"

"இருக்கு. செடி வேலி தாண்டிப் பரவிடுச்சு, அந்த மாதிரி ஆபத்துக்கு. எரிக்கறதைச் சீக்கிரமாக்கத்தான் அவசரக் கூட்டம் மேடம். தள்ளி வைக்க இல்ல." அவருக்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கோப்பைப் புரட்டி ஏழாவது பக்கத்தில் நிறுத்தி, "இதை யாரு எழுதினது?" என்றார்.

"நான்தான்."

அவர் பக்கத்தை மெல்ல மூடினார். 

இயக்குநரிடம் போனாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "பாரும்மா, பச்சையாவே பறிச்சுக் காயவெச்சு எடை போடு. ஏதோ ஒரு எண் வருமில்ல?" என்றார்.

"அரைகுறை விதை சார் அது. குறைவாத்தான் வரும்."

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பறிச்சுப் போட்டுக்கிட்டே வா. ஏறிக்கிட்டே போகுதுன்னு காட்டலாமே."

அந்த யோசனை அவளுக்கும் வந்திருந்தது. அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு முறை நாற்பது காய் பறித்து, உரித்து, எண்ணி, உலர்த்தும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து எடை போட்டாள். நூறு விதை எட்டே முக்கால் கிராம். அப்புறம் ஒன்பதரை. அப்புறம் பத்து புள்ளி ஒன்று. சாதாரண விதை பதினாலு புள்ளி இரண்டில் முடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. இவளுடையது கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தது, ஏறிக்கொண்டே இருந்தது, இன்னும் வெகுதூரம் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த கட்டத்தாளில் பென்சிலால் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். கோடு வளையவே இல்லை.

"இதே மாதிரி போச்சுன்னா நூத்தி இருபத்திரண்டுல பதினஞ்சைத் தாண்டும் சார்" என்று இயக்குநரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"போச்சுன்னா" என்றார் அவர். "நாளைக்கே நின்னுடுச்சுன்னா? வேற யாராவது இப்படி ஒரு கோட்டைக் கொண்டுவந்து காட்டினா, நீ என்னம்மா கேப்பே?"

என்ன கேட்பாள் என்று நிலையம் முழுவதற்கும் தெரியும். தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நடுவில் மழை வேறு. நூற்று மூன்றாவது நாள் மத்தியானம் ஆரம்பித்து இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தது. தெருவெல்லாம் நல்ல மழை, நல்ல மழை என்று பேச்சு. மாற்றிய வரிசைகளுக்கோ கொண்டாட்டம், இலைகள் கழுவிவிட்டது போல மினுங்கின. தண்ணீரை நிறுத்தி, வாடப்போட்டு, சீக்கிரம் முதிரவைக்கலாமா என்று அவள் ஒரு பொழுது நினைத்திருந்தாள். வாடப்போட்டால் விதை சுருங்கும், பிறகு எதை எடை போடுவது என்று அவளே அதைத் தள்ளியும் விட்டாள். இப்போது அந்தக் கவலையும் மிச்சமில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, தான் வளர்த்த செடியை, "கொஞ்சம் சீக்கிரம் ஆகேன்" என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டில் கணவர் சட்டைப் பித்தானைத் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"பன்னெண்டு நாள்தானே? நான் வந்து பேசிப் பார்க்கட்டுமா? அந்த அதிகாரியோட பிள்ளை ஒருவேளை என் வண்டியில வரும்."

"அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

"அப்ப ரொம்பக் கஷ்டம்தான்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சரி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அந்த ஜீன் வேலை செய்யும்னு நீ எழுதும்போது நம்பினியா, இல்லையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நம்பினேன்" என்றாள்.

"எவ்வளவு?"

இரண்டு ஜீன் ஏமாற்றிய பிறகு மூன்றாவதை ஒருத்தி எவ்வளவு நம்புவாள்? ஏமாறாத அளவுக்கு நம்பினாள். ஒரு கிராம், ஒன்றரை கிராம், தொட்டியில் வந்த அளவுக்கு. அது இப்படிப் பிய்த்துக்கொண்டு போகும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அவர் தைத்து முடித்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, அவள் தோளில் ஒரு முறை தட்டிவிட்டு எழுந்துபோனார்.

நூற்று ஒன்பதாவது நாள் மேஸ்திரி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினார். சுற்றும்முற்றும் பார்த்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாலு செடியை மண்ணோட பேத்து எங்க வீட்டுப் பின்னால வெச்சுடறேன். கீரைக்கு நடுவுல யாருக்குத் தெரியும்? பன்னெண்டு நாள் நான் பார்த்துக்கறேன். என் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கறேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மாட்டினால் வேலை போய்விடும், அதுவும் அவருக்குத் தெரியும்.

"வெச்சு, முதிர்ந்து, எடையும் போட்டுட்டோம்னு வைங்க. பதினாறு கிராமே வருதுன்னு வைங்க. அதை நான் யாருகிட்ட போய்ச் சொல்றது மேஸ்திரி?"

அவர் யோசித்தார். "நமக்குத் தெரிஞ்சா போதாதாக்கா?"

"கெடு முடிஞ்ச செடியை ஒளிச்சு வெச்சவங்க சொல்ற எடையை நானே நம்ப மாட்டேனே."

மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு, கையிலிருந்த மண்வெட்டியைத் தொட்டியில் கழுவப் போனார். ஏற்கெனவே கழுவின மண்வெட்டி அது.

மறுநாள் அதிகாரி காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். கையில் அட்டை, அதில் வரிசைக் கணக்கு. ஒரு வரிசைக்கு நாற்பது செடி, ஆறு வரிசைக்கு இருநூற்று நாற்பது. கடைசி மாதிரிக்கென்று காய்களைப் பறிக்க முதல் ஒரு மணி நேரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அடுப்பில் காய்ந்த விதை முளைக்காது, அதை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது. ஒவ்வொரு காயும் கனமாக, குளிர்ச்சியாக, தண்ணீர் கோர்த்துக்கொண்டு இருந்தது.

பிறகு பிடுங்கினார்கள். முதிர்ந்த செடி என்றால் லேசாக வந்துவிடும். இவை வர மறுத்தன. மேஸ்திரி இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, முனகிக்கொண்டே இழுத்தார். அதிகாரி எண்ணிக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் அட்டையை வரப்பில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானும் இழுக்க ஆரம்பித்தார். இருநூற்று நாற்பதையும் தள்ளுவண்டியில் ஏற்றி, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த எரிக்கும் உலைக்குக் கொண்டுபோனார்கள். குளிர் அறை விதைப் பொட்டலங்களும் வந்து சேர்ந்தன.

பச்சைச் செடி எரியுமா? எரியவில்லை. ஸ்ஸ் என்று தண்ணீர் கொதிக்கிற சத்தம் வந்தது, வெள்ளைப் புகை வந்தது, மறுபடி எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய காரியம் மத்தியானம் மூன்று மணி வரை இழுத்தது. தராசக்கா கடைசி வரை அங்கேயே நின்றாள். போய்விடுங்கள் என்று அதிகாரி இரண்டு தரம் சொன்னார். போகவில்லை. கண்ணில் தண்ணீர் வடிந்ததற்குப் புகை காரணம் என்று எல்லோரும் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் அடுப்பில் இருந்த விதையை வெளியே எடுத்து, ஆறவைத்து, தராசில் வைத்தாள். நூறு நூறாக ஆறு தடவை. பச்சையாய்ப் பறித்துக் காயவைத்ததில் விதைகள் சுருங்கி, மேலே சுருக்கம் விழுந்திருந்தது. சராசரி பன்னிரண்டு புள்ளி ஆறு. தட்டைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்தாள். பன்னிரண்டு புள்ளி ஆறு. இந்தத் தராசை அவள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடைக்கல் வைத்துச் சரிபார்க்கிறாள், பதினோரு வருஷத்தில் அது ஒரு முறைகூடப் பிசகியதில்லை. இன்றைக்காவது பிசகித் தொலைக்கக்கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

திட்டத்தை முடிக்கிற படிவத்தைக் கணினியில் ஏற்றுவது அலுவலகக் குமாஸ்தாவின் வேலை. தராசக்கா தாளில் எல்லாம் எழுதிக் கொண்டுபோனாள். குமாஸ்தா ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

"மேடம், முதிர்ந்த நாள்னு இருக்கு. நீங்க 'முதிரவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா, முதிரல."

"வார்த்தை வாங்காது மேடம். தேதி கேக்குது."

"அப்ப காலியா விடுங்க."

"விட்டா அடுத்த பக்கம் போகாது."

"சரி, நூத்தி இருபத்திரண்டாவது நாளுக்கு வர்ற தேதியைப் போடுங்க. எதிர்பார்த்ததுன்னு குறிப்பு எழுதிடலாம்."

குமாஸ்தா போட்டுப் பார்த்தார். கட்டம் சிவப்பாக மாறியது. அனுமதி முடிந்த நாளுக்குப் பிந்திய தேதியை அது ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார், தன்மேல் குற்றமில்லை என்பது போல. பிறகு, கேட்காமலேயே, நூற்றுப் பத்தாவது நாளின் தேதியை அடித்தார். கட்டம் பச்சையானது. அடுத்த பக்கம் தானாகத் திறந்துகொண்டது. இரண்டு எடைகளையும் அதுவே ஒப்பிட்டு, அதுவே முடிவும் எழுதியது: இந்த ஜீனை முடக்குவதால் முதிர்ந்த விதையின் எடை குறைகிறது.

"இது பொய்" என்றாள் தராசக்கா.

"எண் எல்லாம் நீங்க கொடுத்ததுதானே மேடம்?"

"எண் சரி. முடிவு பொய். எங்கேயோ இதே ஜீனை யாராவது தேடிக்கிட்டு இருப்பாங்க, இதைப் படிச்சா விட்டுடுவாங்க. குறிப்பாவது எழுதணும், பச்சையா பறிச்சதுன்னு."

"குறிப்புக்கு இடம் இருக்கு மேடம். அது நம்ம கோப்புல இருக்கும். வெளிய போறது இந்தப் பக்கம் மட்டும்தான்."

அவள் குறிப்பு எழுதினாள். கட்டத்தாளைப் படமெடுத்து அதோடு சேர்த்தாள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் போடவில்லை. முடியாது என்று எழுந்துவிடலாம் என்று ஒரு வேகம். கதவோரத்தில் மக்காச்சோளப் பிரிவுப் பெண் விதைப் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சோயாத் திட்டம் கணக்கில் முடிந்தால்தான் அந்த நிலத்துக்கு அவளுடைய அனுமதி திறக்கும். அவளும் மூன்று வருஷம் நடந்தவள்தான்.

"முடிஞ்சுதாக்கா?" என்றாள் தயங்கித் தயங்கி. "அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. இந்த ஈரம் போனா எனக்கு இந்தப் பருவமே போயிடும்."

தராசக்கா கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் வேன் வாசலில் நின்றது. பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு வந்திருந்தார் கணவர். உள்ளே யாருடைய தண்ணீர் பாட்டிலோ உருண்டுகொண்டிருந்தது. முன்னால் உட்காராமல், பின்னால் சின்னப் பிள்ளைகள் உட்காருகிற தாழ்ந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள், முழங்கால் மோவாயில் இடித்தது. அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பதினோரு வருஷமாக இந்தக் கதையைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டவர். முடிவு தெரிய வேண்டாமா?

"என்னாச்சும்மா? முடக்கினா கூடுதா, குறையுதா?"

"கூடுது" என்றாள்.

"எடை போட்டுப் பார்த்தியா?"

பழக்கத்தில் வந்துவிட்ட வார்த்தை. வாயை விட்டுப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஐயோ, நான் சும்மா..." என்று திரும்பினார்.

"போட்டேன்" என்றாள் தராசக்கா. அந்தக் குட்டி இருக்கையில் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அவர் வண்டியைக் கிளப்பவும் தெரியாமல், இறங்கிப் போய்த் தொடவும் தெரியாமல், சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே வயலில் சாதாரண சோயா ஆறு வரிசையும் அறுவடைக்குக் காத்துக்கொண்டு கலகலத்தன. நடுவில் பிடுங்கின இடங்களில் மண் ஈரமாய்க் குழிந்து கிடந்தது. மக்காச்சோளக்காரப் பெண் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தாள்.